பள்ளிக்குப் போகப் பயப்படும் மகளுக்கு சிபிடி உதவுமா?

சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை, என் பையனுக்கு உதவியது. ஆனால் நான் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

ஏழாம் வகுப்பில் திங்கட்கிழமை விடிந்தால் அவனுக்கு வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம். லீவு சொன்ன பத்தாவது நிமிடம் வலி போய் தோசை கேட்பான். நடிக்கிறான் என்றார் மாமியார். நடிப்பில்லை. பதற்றத்தில் வயிறு நிஜமாகவே வலிக்கும், லீவு போட்டதும் நிஜமாகவே நிற்கும், சிக்கலே அதில்தான், தப்பித்தால் நிம்மதி என்று மனசு பழகிவிடுகிறது.

உளவியல் நிபுணர் புத்திமதியே சொல்லவில்லை. "மிஸ் வாசிக்கச் சொன்னதும் மனசுல முதல்ல என்ன ஓடும்?" என்று கேட்டார். "திக்குவேன், கிளாஸே சிரிக்கும்." "போன தடவை யார் யார் சிரிச்சாங்க?" விரல் விட்டு எண்ணினான். இரண்டு பேர். வகுப்பில் நாற்பத்திரண்டு பேர்.

அப்புறம் ஒரு நோட்டில் பயத்துக்கு மார்க் போட வைத்தார். என் முன்னால் சத்தமாக வாசிப்பது 2, அத்தை பையன் முன்னால் 4, வகுப்பில் ஒரு வரி 7, பிரேயரில் திருக்குறள் சொல்வது 10. கீழேயிருந்து ஒவ்வொரு படியாக, பயம் இறங்கும்வரை அதே படியைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறு. இவனை எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள் என்று பள்ளிக்கு நானே கடிதம் கொடுத்திருந்தேன். அதைத் திரும்ப வாங்கச் சொன்னார்! இரண்டு நாள் கோபத்தில் இருந்தேன். கடைசியில் கிளாஸ் டீச்சரிடம் பேசி, முதல் நாளே சொல்லிவிட்டு ஒரே ஒரு வரி வாசிக்க வைப்பது என்று முடிவானது. அந்த டீச்சர் இல்லையென்றால் 7-ஐத் தாண்டியிருக்க மாட்டோம்.

சிபிடி 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் பெரியவர்களின் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை. பிள்ளைகளுக்கு என்று அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் கெண்டல் அமைத்த 'கோப்பிங் கேட்' பயிற்சியில் 16 அமர்வுகள், பின்பாதி முழுக்க பயந்ததைச் செய்து பார்ப்பதுதான். அதனால் நாலு தடவை பேசிவிட்டு "சரியாகிவிட்டது" என்று யாராவது அனுப்பி வைத்தால் நம்பாதீர்கள்.

ஒன்று மட்டும் முதலில் பாருங்கள். பள்ளியில் உங்கள் மகளை யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா, எழுத்துக்கூட்டி வாசிப்பதே அவளுக்குச் சிரமமா? அப்படியென்றால் பயம் நியாயமானது, மாற வேண்டியது அவள் எண்ணம் இல்லை. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

பையன் இப்போது ஒன்பதாவது. திருக்குறள் இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை மார்க் 3 என்கிறான், பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.