இரண்டு ஸ்டாக், ஒரு க்யூ

கேள்வி: கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு ஸ்டாக்கை மட்டும் வைத்து ஒரு க்யூ எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் முதல் ஸ்டாக்கை இரண்டாவதில் கவிழ்த்து, மேலே இருப்பதை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப முதலாவதிலேயே கொட்டினேன். விடை சரிதான், ஆனால் ரொம்ப மெதுவு என்றார்கள். எப்படிச் செய்தாலும் கவிழ்க்க, ஒவ்வொன்றாக மாற்றும் ஒரு லூப் வேண்டுமே? அதோடு, ரெடிமேடாக க்யூ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?
- இறுதியாண்டு மாணவி

பதில்: நீங்கள் பாதி தூரம் சரியாகவே வந்திருக்கிறீர்கள். ஸ்டாக் என்பது பந்தியில் அடுக்கி வைத்த தட்டு மாதிரி, கடைசியாக வைத்ததுதான் முதலில் கைக்கு வரும். க்யூ அதற்கு நேர்மாறு, முதலில் வந்ததுதான் முதலில் வெளியே போகும். அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் அடுக்கினால் அடியில் கிடந்தது மேலே வந்துவிடும், க்யூவுக்கு வேண்டிய வரிசை கிடைத்துவிட்டது. தப்பு, திரும்பக் கொட்டியதில் இருக்கிறது. இரண்டாவது ஸ்டாக்கில் எல்லாம் சரியான வரிசையில்தானே நிற்கின்றன, அங்கேயே இருக்கட்டும். புதிதாக வருவது முதலாவதில் போகட்டும். எடுப்பது எப்போதும் இரண்டாவதிலிருந்து. அது காலியாக இருந்தால் மட்டும் முதலாவதைக் கவிழுங்கள்.

அந்த "காலியாக இருந்தால் மட்டும்" ரொம்ப முக்கியம். 1, 2, 3 போட்டுக் கவிழ்த்து 1-ஐ எடுத்துவிட்டீர்கள், இரண்டாவதில் மேலே 2, அதன் கீழே 3. இப்போது 4 வருகிறது. அவசரப்பட்டு அதையும் கவிழ்த்தால் 4 போய் 2-இன் தலைமேல் உட்கார்ந்து முந்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சரி, லூப்புக்கு வருவோம். ஒரு தடவை எடுக்க எவ்வளவு ஆகும் என்று பார்க்காமல், ஒரு பொருளுக்கு மொத்தம் எவ்வளவு வேலை என்று பாருங்கள். முதலாவதில் ஏறும், இறங்கும், இரண்டாவதில் ஏறும், இறங்கும், அவ்வளவுதான், நான்கே வேலை. 1000 பொருளைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் எடுத்தால் ஒரு ஸ்டாக்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது 1000 முறைதான். உங்கள் முறையில் அதே வேலைக்கு 10 லட்சம் முறை மாற்ற வேண்டும்! ஏதோ ஒரு முறை எடுக்கும்போது நேரம் பிடிக்கும், உண்மைதான், ஆனால் அந்தச் செலவு மற்ற எல்லா முறைகளுக்கும் பங்கு பிரிந்துவிடுகிறது. கணினி அறிவியலாளர் ராபர்ட் டார்ஜன் 1985-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தக் கணக்குக்கு அமார்ட்டைஸ்டு என்ற பெயர் நிலைத்தது.

எதற்கு என்று கேட்டீர்களே, ஹாஸ்கெல் மாதிரி நிரல் மொழிகளில் அடிப்படை லிஸ்ட்டின் தலைப்பக்கம் மட்டும்தான் சட்டென்று போடவும் எடுக்கவும் முடியும், அதாவது அது ஒரு ஸ்டாக்தான். அங்கே க்யூ வேண்டுமென்றால் இரண்டு லிஸ்ட்டை வைத்து இப்படிக் கட்டுவது வழக்கமான வழி. அந்த ஒரு நீளமான கவிழ்ப்பைக்கூடத் தாங்க முடியாத இடங்களுக்காக, அதைச் சிறிது சிறிதாகப் பிரித்துச் செய்யும் வழியை ஹூட், மெல்வில் இருவரும் 1981-லேயே லிஸ்ப் மொழிக்காக எழுதிவிட்டார்கள்.

அடுத்த இன்டர்வியூவுக்கு முன் தலைகீழ்க் கேள்வியையும் போட்டுப் பாருங்கள்: இரண்டு க்யூவை வைத்து ஒரு ஸ்டாக். அங்கே இந்தத் தந்திரம் பலிக்காது, ஒரு க்யூவை இன்னொன்றில் கொட்டினால் வரிசை மாறாமல் அப்படியே வந்து நிற்கும்.