காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்: கேள்வி பதில்

ஆடியாலஜிஸ்டாக, அதாவது காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவராக, வேலை பார்க்கிறேன். இன்று காது மந்தமானவர்கள் காதுக்குப் பின்னால் மாட்டும், காது கேட்க உதவும் மெஷின் பற்றி மட்டும் கேளுங்கள். கேட்பதற்கு முன் மோல்டையும் (காதின் அளவெடுத்துச் செய்து காதுக்குள் வைக்கும் அச்சு) டியூபையும் (மோல்டை மெஷினோடு இணைக்கும் குழாய்) ஒரு தடவை கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். 'மெஷின் ரிப்பேர்' என்று என்னிடம் வருவதில் பெரும்பாலானவை அந்த இரண்டு இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 72 வயது. போன மாதம் மெஷின் வாங்கினோம். போட்டால் ஒரே இரைச்சல் என்று கழற்றி பீரோவில் வைத்துவிடுகிறார். காசு வீணா மேடம்?

வீண் இல்லை அம்மா. அப்பாவுக்குக் காது ஒரே நாளில் மந்தமாகியிருக்காது. பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும். அத்தனை வருஷமும் மின்விசிறிச் சத்தம், பாத்திரச் சத்தம், தன் செருப்புச் சத்தம் எதுவும் மூளைக்குப் போகவில்லை. இப்போது எல்லாம் ஒன்றாக உள்ளே வருகிறது. எதைக் கவனிப்பது, எதை விடுவது என்று மூளை மறுபடி பழக வேண்டும். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும்.

முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் போடச் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிட்டு, ஒரே ஒருவர் எதிரில் உட்கார்ந்து பேசுங்கள். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போதும். அப்புறம் நேரத்தைக் கூட்டுங்கள். கல்யாண வீடு, சந்தை, பஸ் ஸ்டாண்ட் எல்லாம் கடைசியில். பலர் முதல் நாளே மெஷினை மாட்டிக் கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். மேளச் சத்தத்தில் மிரண்டவர் அப்புறம் அதைத் தொடவே மாட்டார்.

தன் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கிறது என்கிறாரா? அது மோல்ட் காதை முழுக்க அடைப்பதால் வருவது. மோல்டில் வெண்ட் என்று ஒரு சின்னத் துளை போட்டால் பெரும்பாலும் சரியாகும். எவ்வளவு பெரிய துளை போடலாம் என்பது கேட்கும் அளவைப் பொறுத்தது. வாங்கிய இடத்துக்குத் திரும்பப் போய் 'இரைச்சல், என் குரல் ஒரு மாதிரி இருக்கிறது' என்று அப்பா தன் வாயால் சொல்லட்டும். முதல் செட்டிங்கே கடைசி செட்டிங் இல்லை. இரண்டு மூன்று தடவை திருத்துவது இந்த வேலையின் ஒரு பகுதி.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். கிட்டே வந்து, முகம் தெரியும்படி நின்று, சாதாரணக் குரலில் நிதானமாகப் பேசுங்கள்.

விருதுநகர்: மெஷின் 'கீ' என்று கத்துகிறது. புது மெஷின்தான் மேடம்.

இதைத்தான் இன்று அதிகம் பேர் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் ஒரே தடவையில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

மெஷின் பெரிதாக்கி அனுப்பும் சத்தம் காதுக்குள் தங்காமல் வெளியே கசிந்து, மைக்குக்குள் திரும்பப் போனால் கத்தும். அப்படியென்றால் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மாட்டியபடியே மோல்டை விரலால் லேசாக அழுத்துங்கள். சத்தம் நின்றால் மோல்ட் சரியாக உட்காரவில்லை, அல்லது தளர்ந்துவிட்டது. நிற்கவில்லையா? கழற்றி, மோல்டின் துளைகளைக் கட்டைவிரலால் நன்றாக அடையுங்கள். இப்போது நின்றால் கோளாறு காதுப் பக்கம். காதில் அழுக்கு அடைத்திருந்தாலும் சத்தம் அதில் பட்டுத் திரும்பும், அதைக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் எடுத்துவிடுங்கள். துளையை அடைத்தும் கத்தினால் டியூபை ஹூக்கிலிருந்து (மெஷினிலிருந்து காதுமேல் வளைந்து வரும் கொக்கி) உருவி, ஹூக் முனையை விரலால் அடையுங்கள். நின்றுவிட்டால் டியூபில் விரிசல். அதற்குப் பிறகும் கத்தினால்தான் ஹூக்கிலோ மெஷினிலோ கோளாறு, அப்போது சர்வீஸுக்குக் கொடுங்கள்.

டியூப் நாள்பட்டால் மஞ்சளாகி விறைத்துவிடும். மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மாற்றிவிடுங்கள். செலவும் குறைவு, வேலையும் சில நிமிஷம்தான்.

வால்யூமைக் குறைத்தால் கத்தாது என்று பலர் குறைத்தே வைத்துக்கொள்கிறார்கள். அது தீர்வே இல்லை. பேச்சும் சேர்ந்து குறைந்துவிடும். ஒருவரைக் கட்டிப்பிடிக்கும்போதோ காதருகே கை கொண்டுபோகும்போதோ ஒரு கணம் கத்தினால் மட்டும் கவலை வேண்டாம்.

சிவகாசி: மெஷினுக்குப் போடும் செல் (பேட்டரி) ஐந்து நாள்கூட வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

முதலில் உங்கள் பழக்கத்தைப் பாருங்கள். இந்த மெஷின்களில் பெரும்பாலும் ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய 13 நம்பர் செல், அல்லது நீல ஸ்டிக்கர் ஒட்டிய 675. இவை ஜிங்க் ஏர் செல். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று உள்ளே போய்த்தான் மின்சாரம் வரும். உரித்து ஒன்றிரண்டு நிமிஷம் வெளியே வைத்து, அப்புறம் போடுங்கள். உரித்த உடனே மூடியை அடைத்தால் செல்லுக்கு முழு பலம் வராது. உரித்த ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டி மிச்சப்படுத்த முடியாது. ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, ஈரம் சேரும். இரவில் செல் மூடியைத் திறந்தே வையுங்கள், மெஷின் அணையும், உள்ளே ஈரமும் ஆறும். அட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். காது அதிகம் மந்தமானவர்களுக்கும், புளூடூத்தில் போன் பேசுபவர்களுக்கும் செல் சீக்கிரம் தீரும், அது இயல்பு.

தீர்ந்த செல்லை மேஜை மேல் விடாதீர்கள். பொடிப் பிள்ளைகள் விழுங்குவார்கள், மூக்கில் திணித்துக்கொள்வார்கள். அப்படி நடந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சென்னை, டெலிவரி வேலை பார்ப்பவர்: ஹெல்மெட், வியர்வை. மதியத்துக்கு மேல் சத்தம் விட்டு விட்டு வருகிறது.

டியூபைப் பாருங்கள் தம்பி, உள்ளே தண்ணீர் முத்து நிற்கும். அந்தச் சொட்டு சத்தத்தை அடைக்கிறது. மோல்டோடு டியூபைக் கழற்றி, ரப்பர் பல்ப் வைத்த பிளோயரால் ஊதினால் வெளியே வந்துவிடும். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் போகும். ஒரு பிளோயரை வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட, இறுக்கமாக மூடும் டப்பாவில் மெஷினை வையுங்கள். செல்லை எடுத்துவிட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லும் காய்ந்துவிடும். ஜெல் மணி நிறம் மாறியதும் மாற்றுங்கள். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள், மாவுத்தூள் மைக் துளையில் போய் அடைக்கும். வெயிலில் காயவைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது இரண்டும் மெஷினைக் கெடுக்கும். சென்னைக் காற்றில் டப்பா இல்லாமல் மெஷின் வைத்திருப்பவர்கள் சர்வீஸுக்கு அடிக்கடி வருகிறார்கள். டப்பா விலை அதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

தேனி: மெஷின் விசில் அடிக்கிறது.

விருதுநகர்க்காரருக்குச் சொன்னதை அப்படியே செய்து பாருங்கள்.

நாமக்கல்: எந்த கம்பெனி நல்லது?

உங்கள் ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் காது சோதனை அறிக்கை) பார்க்காமல் சொல்ல முடியாது. கம்பெனியைவிடப் பக்கத்தில் சர்வீஸ் இருக்கிறதா என்று பாருங்கள்.

திண்டுக்கல், இரண்டு வயதுக் குழந்தையின் அம்மா: பாப்பா மெஷினைப் பிடுங்கி எறிகிறாள். மோல்ட் நிற்கவே மாட்டேன் என்கிறது.

பிள்ளையின் காது வளர்கிறது, மோல்ட் வளராது. இந்த வயதில் சில மாதத்துக்கு ஒரு தடவை புது மோல்ட் எடுக்கத்தான் வேண்டும். சட்டையில் மாட்டும் கிளிப் கயிறு கேளுங்கள், எறிந்தாலும் தொலையாது. பிடுங்கினால் திட்டாமல், சிறிது விட்டு மறுபடி மாட்டுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மெஷின் காதில் இருக்க வேண்டும். கேட்டால்தான் பேச்சு வரும், இந்த வயது திரும்ப வராது.

பெரியவர்கள் மெஷின் கெட்டால் சொல்வார்கள், பாப்பா சொல்ல மாட்டாள். அதனால் தினமும் காலையில் நீங்களே சோதிக்க வேண்டும். ஸ்டெதஸ்கோப் மாதிரி ஸ்டெட்டோகிளிப் என்று ஒன்று கிடைக்கும், அதில் மெஷினை மாட்டி நீங்கள் கேட்டுப் பாருங்கள். கரகரப்பு இருக்கிறதா, விட்டு விட்டு வருகிறதா என்று தெரியும். அப்புறம் அவளுக்கு மாட்டிவிட்டு, பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். லிங் சோதனை என்று பெயர். பேச்சில் வரும் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை இந்த ஆறில் அடங்கும். தினமும் திரும்பிப் பார்ப்பவள் ஒருநாள் 'ஸ்' சொல்லும்போது மட்டும் பார்க்கவில்லை என்றால் செல், டியூப், காது மூன்றையும் பார்க்க வேண்டும்.

செல் மூடிக்குப் பூட்டு உள்ள மெஷினா என்று கேளுங்கள். பூட்டு இல்லாவிட்டால் போட்டுத் தரச் சொல்லுங்கள். செல் பிள்ளை வாய்க்குப் போகவே கூடாது. மெஷின் போட்டும் பேச்சு முன்னேறவில்லை என்றால் தள்ளிப் போடாதீர்கள், காக்ளியர் இம்ப்ளான்டுக்கு (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள்தான் வழி.

கோயம்புத்தூர்: இவ்வளவு எதற்கு? ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு மெஷின் வருகிறது. என் அப்பா இரண்டு வருஷமாக அதைத்தான் போடுகிறார், நன்றாகக் கேட்கிறது. உங்களைப் போன்றவர்கள் அதை 40,000 என்று விற்கிறீர்கள்.

அது சத்தம் பெருக்கி மட்டும்தான். வயதாகிக் காது மந்தமாகும்போது பெரும்பாலும் உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். ச, த, ப போன்ற எழுத்துகள் தேயும், தாழ்ந்த ஒலிகள் ஓரளவு நன்றாகவே கேட்கும். ஆடியோகிராம்படி செட் செய்த மெஷின், குறைந்த இடத்தில் கூட்டும், நன்றாக இருக்கும் இடத்தை விட்டுவிடும். எந்தச் சத்தமும் ஓர் எல்லைக்கு மேல் காதுக்குள் போகாமல் தடுக்கும். விலை மலிவான பெருக்கியில் பெரும்பாலும் இந்த இரண்டும் இல்லை. பட்டாசு வெடித்தால் அதையும் பெருக்கி உள்ளே அனுப்பும், மிச்சம் இருக்கும் கேட்கும் திறனும் கெடலாம்.

கோயம்புத்தூர்: அப்பா டிவி பார்க்கிறார், செய்தி கேட்கிறார். கெட்டதாகத் தெரியவில்லையே.

அவரை முகம் பார்க்காமல் உட்காரவைத்து 'பத்து, முத்து, சொத்து' என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். அப்படியே திருப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

ஈரோடு (இடையில்): கோவைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது மேடம். எங்கள் ஊரில் ஒரு கடையில் டெஸ்ட்டே எடுக்காமல் 35,000 ரூபாய் மெஷினை அம்மா தலையில் கட்டினார்கள். மோல்டும் எடுக்கவில்லை, ரப்பர் முனைதான்.

நடந்திருக்கும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. சோதனை இல்லாமல் விற்கும் 35,000 மெஷினுக்கும் ஆன்லைன் பெருக்கிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போகும் இடத்தில் இருப்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆடியோகிராம் நகல் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். மெஷின் விலை, மோல்ட் விலை, சர்வீஸ் விலை மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். வீட்டோடு இருக்கும் பெரியவருக்குச் சாதாரண டிஜிட்டல் மெஷினே பெரும்பாலும் போதும், மேல்நிலை மாடலைத் தள்ளினால் 'ஏன்' என்று கேளுங்கள்.

காசே பிரச்சினை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் இருந்தால் இந்த வகை மெஷினை இலவசமாகத் தருகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் காது சோதனை செய்கிறார்கள். வாங்கிய மெஷினுக்கு மோல்ட் மட்டும் எப்படியாவது எடுத்துவிடுங்கள். இலவச மெஷின் பல வீடுகளில் மேஜை டிராயரில் கிடப்பதற்கு மோல்ட் இல்லாததும் ஒரு காரணம்.

கோயம்புத்தூர்: சொல்லிப் பார்த்தேன். 'முத்து', 'சொத்து' இரண்டையும் 'பத்து' என்றார். பேத்தி பேசுவது புரியவில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்கிறார், நாங்கள்தான் அவர் கவனிக்கவில்லை என்று நினைத்தோம். ஆடியோகிராம் எடுத்துப் பார்க்கிறேன். விலை பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

எடுங்கள். சிறு பிள்ளைகளின் குரல் உயர்ந்தது, அதில்தான் முதலில் தெரியும். விலை பற்றி நானும் உங்களோடுதான் நிற்கிறேன்.

கரூர்: விசில் சத்தம் வந்தால் என்ன செய்ய?

மேலே இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

காரைக்குடி: காதில் வாரம் ஒரு முறை நல்லெண்ணெய் காய்ச்சி விடலாமா? மோல்டை ஸ்பிரிட்டால் துடைக்கலாமா?

இரண்டும் கூடாது. எண்ணெய் அழுக்கை ஊறவைத்து உள்ளே தள்ளும், டியூபிலும் ஏறும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் இன்னும் ஆபத்து. எண்ணெய்க் குளியல் அன்று மெஷினைக் கழற்றி வைத்து, காது நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். மோல்டை மட்டும் ஹூக்கிலிருந்து பிரித்து வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் வைத்துக் கழுவி, பிளோயரால் ஊதி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். ஸ்பிரிட் மோல்டை விறைக்கவைக்கும். மெஷினில் தண்ணீர் படக் கூடாது, உலர்ந்த மெல்லிய துணி போதும்.

திருச்சி: நேற்றுக் காலையிலிருந்து வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை. எந்த மெஷின் வாங்கலாம்?

மெஷின் பேச்சே வேண்டாம். இன்றே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள். திடீரென்று கேட்காமல் போவது அவசரம். சீக்கிரம் மருந்து ஆரம்பித்தால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு உண்டு, நாள் போகப் போக அது குறையும்.

நாகர்கோவில்: போன் பேசினால் புரியவில்லை.

போனைக் காதுத் துளையில் வைக்கிறீர்கள். உங்கள் மைக் காதுக்கு மேலே, மெஷினில் இருக்கிறது. போனின் ஸ்பீக்கரை அங்கே கொண்டுபோய்க் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள்.

மதுரை: அம்மா காலமாகிவிட்டார். மூன்று வருஷ மெஷின், நல்ல நிலையில் இருக்கிறது. சித்தப்பாவுக்குக் கொடுக்கலாமா?

அப்படியே மாட்டிவிடாதீர்கள். அம்மாவின் அளவுக்குச் செட் செய்தது அது. சித்தப்பாவுக்குப் புதிதாக ஆடியோகிராம் எடுத்து, அந்த மெஷினின் திறன் அவருக்குப் பொருந்துமா என்று பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் மறுபடி செட் செய்து, அவர் காதுக்குப் புது மோல்டும் டியூபும் போட்டுக் கொடுக்கலாம். அம்மாவின் மோல்ட் இன்னொரு காதுக்கு ஆகாது. வாரண்டி சீட்டும் மாடல் எண்ணும் எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை செல்லை வெளியே எடுத்து வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து முனைகளை அரித்துவிடும்.