டெல்லிக்குப் போனால் பையன் தமிழ் எழுத மறந்துவிடுவானா?

கணவருக்கு மாற்றல், ஜூனில் மதுரையிலிருந்து கிளம்புகிறோம், ஏழாம் வகுப்புப் பையன் தமிழ் எழுதுவதை மறந்துவிடுவானா, எனக்கும் வீட்டில் பொழுது போகுமா அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். பேச்சு எங்கேயும் போகாது. எழுத்துதான் கண்டுகொள்ளாமல் விட்டால் கைநழுவும்.

முதலில் பள்ளிக்கூடம். இங்கே டெல்லியில் ஏப்ரலிலேயே வகுப்பு ஆரம்பித்துவிடும். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கோடை விடுமுறை. நீங்கள் வந்து இறங்கும்போது ஒன்றரை மாதப் பாடம் ஓடியிருக்கும், அதனால் இடம் கிடைக்குமா என்று இப்போதே விசாரியுங்கள். தில்லி தமிழ்க் கல்விக் கழகத்துக்கு மந்திர் மார்க், லோதி எஸ்டேட், மோதிபாக், ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம் என்று பல இடங்களில் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே தமிழ் ஒரு பாடமாகவே உண்டு. முடிந்தால் அதில் ஒன்றுக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள், டிசம்பர் பனியில் பையனை விடியற்காலையில் பஸ் ஏற்றும் கஷ்டம் இருக்காது. வேறு பள்ளி என்றால் பெரும்பாலும் ஹிந்தியும் சமஸ்கிருதமும்தான், தமிழ் உங்கள் பொறுப்பு.

அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் நான் கொஞ்சம் பேச முடியும். சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் நோட்டோடு என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுவார்கள். சமீபத்தில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் இப்படி எழுதினாள்: "ராஜீவ் சௌக்கில் எஸ்கலேட்டரைப் பார்த்துப் பாட்டி பயந்தால். நான் கையைப் பிடித்தேன்." 'பயந்தால்' மேல் மட்டும் பென்சிலில் ஒரு வட்டம் போட்டேன். லகர ளகரக் குழப்பம் இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு, அதற்காகப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையை இறைக்க வேண்டாம். அப்புறம், "பாட்டி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இன்னொரு வரி சேர்த்தாள்: "நீ போடி, நான் படியிலேயே வரேன் என்றாள் பாட்டி." இதே பெண்ணுக்குப் பொங்கல் விழா என்று தலைப்புக் கொடுத்தபோது உழவர், கரும்பு, காளை என்று நோட்ஸில் உள்ளதை அப்படியே இறக்கி வைத்தாள். வயலில் கால் வைத்ததே இல்லை, பாவம், அவள் வேறு என்ன செய்வாள்?

ஆகவே உங்கள் பையன் டெல்லியையே தமிழில் எழுதட்டும். கோல்கப்பே (பானி பூரி) வண்டிக்காரரை, மாடிவீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியை, பட்டம் விடும் ஆகஸ்ட் மாதத்தை. மதுரைத் தாத்தாவுக்கு ஒரு தபால் கார்டில் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது, படிக்க நிஜமாகவே ஒரு ஆள் இருக்கிறார் அல்லவா? நவம்பரில் புகை மிஞ்சினால் பள்ளியை மூடி ஆன்லைன் வகுப்பு வைப்பார்கள். ஜன்னலைச் சாத்திக்கொண்டு எல்லாரும் உள்ளே அடைந்து கிடக்கும் அந்த நாட்கள் இதற்குத் தோதானவை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: நீங்களே எழுதிக் கொடுத்து அவனைப் பார்த்து எழுதச் சொல்வது. கையெழுத்து அழகாகும், எழுத வராது.

உங்கள் பொழுதா? குளிர்காலத்தில் இட்லி மாவைப் பொங்க வைப்பதிலேயே பாதி போய்விடும்! ரஜாயில், அதாவது பஞ்சு அடைத்த கனத்த போர்வையில், சுற்றி வைத்துப் பாருங்கள். பால்கனியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை வையுங்கள். ஜனவரியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும், பட்டுப்போய்விட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள், மார்ச்சில் துளிர்க்கும். முருங்கைக்காய், சின்ன வெங்காயம் ஐஎன்ஏ மார்க்கெட்டில் கிடைக்கும், விலைதான் கொஞ்சம் கடிக்கும். ராமகிருஷ்ணபுரத்தில் இருக்கும் தில்லித் தமிழ்ச் சங்கம் 1946இல் தொடங்கியது, நூலகமும் உண்டு. மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற நாளில் அங்கேயும் ஒரு நடை போய் வாருங்கள்.

சாமான் கட்டும்போது பையனுடைய பழைய தமிழ்ப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இங்கே பக்கத்துக் கடையில் அவை கிடைக்காது. கம்பளியும் ரஜாயும் மதுரையில் தேடி அலைய வேண்டாம், இங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம்.