மணலில் வண்டி இறக்கச் சீட்டு எங்கே வாங்குவது? – வேலூர்க்காரர்கள் கேட்டதும் என் பதிலும்

தோட்டப்பாளையத்தில் 26 வருடமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறேன். சிஎம்சியில் வைத்தியம் முடிந்த வெளியூர்க்காரர்கள், ஊருக்கு ரயில் ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை கடலைப் பார்க்கணும் என்று கேட்பார்கள். அப்படிக் கடற்கரைக்குப் போய்ப்போய்த்தான் பார்க்கிங், பர்மிட், மணல் எல்லாம் பழகியது. காணும் பொங்கல் கழிந்த இந்த ஒரு வாரமாக வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சத்துவாச்சாரி, கல்லூரி மாணவர்: அண்ணா, வீட்ல புது தார் ஜீப் வாங்கியிருக்கோம், ஃபோர் வீல் டிரைவ். ஈசிஆர் பக்கம் ஏதாவது ஒரு பீச்ல மணல்ல இறக்கி ஓட்டணும். பர்மிட் எந்த ஆபீஸ்ல தருவாங்க?

அப்படி ஒரு பர்மிட் தமிழ்நாட்டில் கிடையாது தம்பி. மெரினா, எலியட்ஸ், கோவளம், மாமல்லபுரம் எங்கே போனாலும் வண்டி ரோட்டோரம் அல்லது பார்க்கிங் மைதானம் வரைதான். அதற்கு மேல் காலால் நடக்கணும்.

1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-ல் வந்தது. 2011-லும் 2019-லும் அதைத் திருத்தி எழுதினார்கள். மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் இடங்களும் அதில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வருகின்றன. மணல்மேடு என்றால் சும்மா குவிந்து கிடக்கும் மணல் இல்லை. அடம்புக்கொடி படர்ந்து, காற்றில் வந்த மணலைப் பிடித்துப் பிடித்து வருடக்கணக்கில் கட்டிய கரை அது. புயல் அலை வந்தால் முதலில் தாங்குவது அதுதான். உன் டயர் ஒரு தடவை ஏறினால் கொடி அறுந்து போகும். கொடி போனால் மணலும் போகும்.

சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குக் கொடுக்கும் சர்வதேசச் சான்றான நீலக்கொடி கோவளத்துக்கு 2021-ல் கிடைத்தது. அனுமதியில்லாத வண்டி கடற்கரையில் ஓடக் கூடாது என்பது அந்தக் கொடிக்கான நிபந்தனைகளில் ஒன்று. யாரோ வீடியோவில் ஓட்டுவதைப் பார்த்திருப்பாய். அவர்களும் அனுமதி வாங்கி ஓட்டவில்லை. தார் ஓட்ட உனக்கு ஆசை இருப்பது தப்பே இல்லை. ஆம்பூர்க்காரர் ஒருவர் கேட்ட கேள்வி கீழே இருக்கிறது, அதைப் படி. உனக்கான வழி அங்கே இருக்கிறது.

குடியாத்தம், மளிகைக் கடைக்காரர்: பார்க்கிங்குக்குக் காசு வாங்கிக்கிட்டு ரசீது கொடுத்தாங்க. "உள்ளே போங்க சார், மணல்லயே நிறுத்தலாம்"னு கை காட்டினாங்க. ரசீது இருந்தா அது அனுமதிதானே?

இல்லைங்க. ரசீதைத் திருப்பிப் பாருங்க. வண்டி நிறுத்தும் கட்டணம் என்று இருக்கும், அதுவும் குறிப்பிட்ட ஒரு இடத்துக்கு. குத்தகை எடுத்தவருக்கு அந்த இடத்தில் காசு வசூலிக்கத்தான் உரிமை. கடற்கரை மணலை உங்களுக்குத் திறந்துவிட அவருக்கு அதிகாரம் இல்லை.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னால், ஈசிஆரில் ஒரு ஊர். ரசீதுப் புத்தகத்தோடு நின்றவர் கை காட்டினார் என்று, 12 பேர் உட்கார்ந்திருந்த வேனை மணலில் விட்டேன். இருபது அடி போனதும் பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தேன், அச்சு வரை புதைந்தது. படகு இழுக்கும் டிராக்டரைக் கொண்டுவந்து மீனவர்கள் இழுத்துவிட்டார்கள். வண்டி வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன், பின்டயருக்கு அடியில் அவர்கள் காயவைத்திருந்த வலை கிழிந்து சுருண்டு கிடந்தது. நஷ்டத்தைக் கொடுத்தேன். ஆனால் அந்த வலையைக் கையில் எடுத்துப் பார்த்த பெரியவரின் முகம் இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை. நமக்கு அது பீச். அவருக்கு அது வேலை செய்கிற இடம், நம்ம ஊர்க் களத்துமேடு மாதிரி. களத்தில் நெல் காயும்போது ஒருவன் காரை ஏற்றினால் நாம் சும்மா இருப்போமா?

வாலாஜாபேட்டை, ஒரு சகோதரி: அம்மாவுக்கு 71 வயசு, பக்கவாதம் வந்து நடக்க முடியாது. கடல் தண்ணி கால்ல படணும்னு ஆசைப்படறாங்க. எங்களுக்காவது காரை மணல்ல கொண்டுபோக அனுமதி கிடைக்குமா அண்ணா?

இதைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டதும்மா. காரைக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலி போவதற்கென்றே மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 263 மீட்டர் நீளம், 2022 நவம்பரில் திறந்தார்கள். திறந்த சில நாளிலேயே மாண்டஸ் புயலில் சேதமாகி, பிறகு சரிசெய்தார்கள். பாதையின் கடைசியிலிருந்து அலை கிட்டத்தில் தெரியும்.

வார நாளாகப் பார்த்துக் காலையிலேயே போங்க. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால், காவேரிப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக வெயில் ஏறும் முன்னே சேர்ந்துவிடலாம். காமராஜர் சாலையில் பாதைக்கு நேராக அம்மாவை இறக்குங்க, நாற்காலியில் உட்கார வையுங்க, அப்புறம் காரைப் பார்க்கிங்கில் விட்டுவிட்டு வாங்க. வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்தால் அம்மாவுக்கு அலுப்புத் தட்டிவிடும். ஒரு சின்ன வாளி எடுத்துக்கொள்ளுங்க. அலை எட்டாவிட்டால் கடல் தண்ணீரை மொண்டு வந்து காலில் ஊற்றலாம். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு அவருடைய பேரன் அப்படித்தான் செய்தான். காணும் பொங்கல், ஞாயிறு சாயங்காலம் இரண்டும் வேண்டவே வேண்டாம்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை மேற்பார்வையாளர்: கண்ணூர் கிட்ட கார் ஓட்டற பீச் இருக்காமே. அங்கயாவது சட்டப்படி ஓட்டலாமா? சாதா கார் போதுமா?

ஓட்டலாம். கேரளாவில் இருக்கும் முழப்பிலங்காடு. தலச்சேரிக்கும் கண்ணூருக்கும் நடுவே, ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம். நுழைவில் கட்டணம் கட்டினால் வண்டியோடு உள்ளே விடுவார்கள். சாதா காரே போதும், ஏனென்றால் அங்கே மணல் பொடி, கரை தட்டை. ஈரத்தில் அது தரை மாதிரி இறுகிவிடும். நம்ம கிழக்குக் கரையில் சரிவு அதிகம், மணலும் உதிரி. அதனால்தான் அங்கே ஓடுகிற கார் இங்கே புதைகிறது. மழைக்காலத்தில் கடல் ஏறிவிடும், அப்போது வண்டியை விடமாட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்த எண்ணத்தோடு போகாதீங்க.

கவனிக்க வேண்டியது ஓதம். கடல் ஏறி, இறங்கி, மறுபடி ஏற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறும் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமிக்குத் தண்ணீர் இன்னும் மேலே வரும். இறங்குகிற நேரம் பார்த்து உள்ளே போங்க, திரும்ப ஏற ஆரம்பிக்கும் முன் வெளியே வந்துவிடுங்க. கண்ணுக்கு ஈரமாக, கறுப்பாக, இறுகித் தெரிகிற பட்டையில் மட்டும் ஓட்டுங்க. மேலே வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும் மணலில் நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள்.

மாட்டினால் முதலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்க. என் வேன் விஷயத்தில் நான் செய்யாதது அதுதான். டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் 18-க்கு இறக்குங்க. டயர் தட்டையாகி நீளமாகப் பதியும், மணலை வெட்டாமல் மேலே நிற்கும். 15-க்குக் கீழே போனால் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடும். சக்கரத்துக்கு முன்னால் மணலை வாரிவிட்டு, கோணிப்பையோ கால்மிதியோ போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்க. ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றைத் திரும்ப ஏற்றணும். காற்று குறைந்த டயரோடு ஹைவேயில் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

இன்னொன்று. இன்ஜினுக்குள் கடல் தண்ணீர் போய் ஏற்படும் சேதத்துக்கு, சாதாரண இன்சூரன்ஸில் பணம் கிடைப்பது கஷ்டம். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்கணும். கிளம்பும் முன் பாலிசியை எடுத்துப் படித்துவிடுங்க. வண்டி முக்கியமில்லை, கடல்தான் முக்கியம் என்றால் காட்பாடியில் மங்களூர் மெயில் ஏறி தலச்சேரியில் இறங்குங்க.

ஆற்காடு, வேன் டிரைவர்: என் வண்டிக்கு ஆல் இந்தியா டூரிஸ்ட் பர்மிட் இருக்கு. அது பீச்சுக்கும் செல்லுமா?

செல்லாது தம்பி. அது மாநில எல்லை தாண்ட. முழப்பிலங்காடு மாதிரி வண்டியை விடும் கடற்கரையிலும் நுழைவுக்குத் தனிக் காசு. புதுச்சேரி போனால் இதையும் தெரிந்துகொள்: கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. ஆட்களை இறக்கிவிட்டு உள்தெருவில் இடம் தேடு.

காட்பாடி காந்தி நகர், ஒரு அம்மா: பையன் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கான். கேப் ஹாட்டரஸ்னு ஒரு கடற்கரையில் கார் ஓட்ட பர்மிட் எடுத்திருக்கானாம். மண்வெட்டி வாங்கப் போறேன்னு சொல்றான். எனக்குப் பயமா இருக்கு.

பயப்படாதீங்கம்மா, மண்வெட்டி வாங்குகிறான் என்றால் விதியைப் படித்திருக்கிறான் என்று அர்த்தம். அங்கே 2012 முதல் மணலில் ஓட்ட பர்மிட் கட்டாயம். பத்து நாளுக்கும் உண்டு, ஒரு வருஷத்துக்கும் உண்டு. மண்வெட்டி, ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை, குறைந்த காற்று அளக்கும் கேஜ் நான்கும் வண்டியில் இருக்கணும். பலகை இல்லாமல் மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். வேகம் மணிக்கு 15 மைல், நம்ம கணக்கில் 24 கிலோமீட்டர்.

பர்மிட் கையில் இருந்தாலும் எல்லாப் பகுதியும் திறந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்க. பறவை கூடு கட்டினாலோ ஆமை முட்டையிட்டாலோ அந்தப் பகுதியை மூடிவிடுவார்கள். கோடைக்காலத்தில் ராத்திரி ஓட்டவும் தடை உண்டு. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்க. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ரோட்டை விட்டு இறக்கக் கூடாது என்றுதான் இருக்கும். எனக்கு அந்த ஊர் முறை பிடித்திருக்கிறது. முதலில் கடற்கரை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கிறார்கள், பிறகுதான் சீட்டு.

அணைக்கட்டு, பள்ளி ஆசிரியர்: ஆமைக்காக இவ்வளவு கெடுபிடியா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்லலாம்?

பங்குனி ஆமை நம் கடற்கரைக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை ராத்திரியில் ஏறி வரும். ஒன்றரை அடி ஆழம் தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். மேலே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. 45 முதல் 55 நாளில் குஞ்சு வெளியே வரும். கையளவு கூட இல்லாத அந்தக் குஞ்சு கடலை நோக்கிப் போகும் வழியில் ஒரு டயர் தடம் இருந்தால், அது அதற்குப் பெரிய பள்ளம். ஏற முடியாமல் தடத்தோடேயே ஓடி ஓடிக் களைத்துவிடும். விடிந்ததும் காக்கை கொத்தும். ஹெட்லைட்டைப் பார்த்துத் திசை மாறி ரோட்டுக்கு வருவதும் உண்டு. சென்னையில் 1988 முதல் மாணவர்களே இரவில் கடற்கரையில் நடந்து இந்த முட்டைகளைக் காப்பாற்றி வருகிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்க சார்.

பேரணாம்பட்டு: தனுஷ்கோடியில் மணல்ல வேன் போகுமே, நாமும் போகலாமா?

அது பழைய கதைங்க. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்துவிட்டது. நம்ம காரிலேயே கடைசி வரை போகலாம், மணலில் இறங்க வேண்டியதில்லை. சாயங்காலம் போலீஸ் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் காலையிலேயே போங்க.

விருதம்பட்டு: பையனுக்கு 16 வயசு. ஆளில்லாத பீச்ல கார் கத்துக்கொடுக்கலாமா? ரோடு இல்லையே?

வேண்டாம். பொதுமக்கள் போக உரிமையுள்ள எந்த இடமும் மோட்டார் வாகனச் சட்டத்தில் 'பொது இடம்'தான். அதற்கு ரோடாக இருக்கணும் என்றில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் பெற்றவருக்கு.

மேல்விஷாரம்: கடற்கரை போய் வந்தா வண்டி துருப்பிடிக்குதே?

அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீச்சி அடிங்க. சைலன்சர், பிரேக், வீல் ஆர்ச்சின் உள்பக்கம் மூன்றையும் விடக் கூடாது. மேலே மட்டும் துடைத்துப் பயனில்லை.

கே.வி.குப்பம், விவசாயி: நம்ம பாலாறு கடல்ல கலக்கிற இடத்தைப் பார்க்கணும். வண்டி அதுவரை போகுமா?

கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம் ஐயா. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போங்க. வண்டியை ஊருக்குள் ரோட்டிலேயே நிறுத்துங்க. டீக்கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நடங்க. கழிமுகத்து மணல் மேலே காய்ந்திருக்கும், உள்ளே சேறு இருக்கும். காலே புதையும், அதனால் ஊர்க்காரர் நடக்கும் தடத்தை விட்டு விலகாதீங்க. வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு, டிசம்பர் ஜனவரியில் போனால் ஆற்றில் தண்ணீர் பார்க்க வாய்ப்பு அதிகம்.