எண்பது வயதில் 'அடுத்த தலைமுறை'

(தருமபுரியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்கு எழுதும் பதில்கள்)

கேள்வி: எங்கள் கம்பெனிக்கு வந்திருக்கும் ஜப்பான்காரர் ஒருவர், அவர் நாட்டில் 'அடுத்த தலைமுறைக் கட்சி' என்று ஒன்று இருந்ததாகவும், தலைவர்கள் எல்லாம் தாத்தாக்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். நிஜமா சார்? அந்தக் கட்சி என்ன ஆனது?
— ஓர் இளைஞர், ஓசூர்

பதில்: நிஜம்தான் தம்பி. ஜப்பானிய மொழியில் 'ஜிசெதாய் நோ தோ'. 2014 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கியது. தலைவர் தக்கேயோ ஹிரனுமாவுக்கு 75 நிறைய இரண்டு நாள் பாக்கி. தலைமை ஆலோசகர் ஷின்தாரோ இஷிஹாராவுக்கு வயது 81. பேரப்பிள்ளைகளை நினைத்துப் பெயர் வைத்தார்களோ என்னவோ.

இந்த ஹிரனுமாவை எனக்கு 2005லிருந்தே தெரியும், பேப்பர் வழியாக. அப்போது பென்னாகரம் பக்கம் ஒரு சப் ஆபீஸில் வேலை. மெயில் பை வந்து சேரும்வரை பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பேன். ஒரு மூலையில் 'ஜப்பானில் அஞ்சல் துறை தனியார்மயம்' என்று போட்டிருந்தான். தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து அந்த ஊர் அரசியலைத் தேடித் தேடிப் படித்தேன்.

அங்கே அப்போது 24 ஆயிரத்துக்கும் மேல் அஞ்சலகங்கள். அதில் பெரும்பகுதி, ஊர்ப் பெரிய குடும்பத்தார் அப்பன் பிள்ளை என்று வழிவழியாக நடத்தி வந்தவை. நம் பக்கம் கிளை அஞ்சலகம் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் நடந்ததே, அந்த மாதிரி. அந்த போஸ்ட் மாஸ்டர்கள் கை காட்டினால் ஊர் ஓட்டுப் போடும். ஆளுங்கட்சியான லிபரல் டெமாக்ரடிக் கட்சி வளர்ந்ததே அந்த ஓட்டில்தான். அதன் பிரதமர் கொய்சுமி, அந்த அடிமடியிலேயே கை வைத்தார். ஆகஸ்ட் 8ஆம் தேதி மேலவை மசோதாவைத் தோற்கடித்தது. மனுஷன் கீழவையைக் கலைத்துவிட்டுத் தேர்தலுக்குப் போனார். எதிர்த்து ஓட்டுப் போட்ட சொந்தக் கட்சிக்காரர்களுக்கு சீட் இல்லை என்றதோடு, அவர்கள் தொகுதியிலேயே புது ஆட்களையும் இறக்கினார். பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயர் 'கொலையாளிகள்'.

ஹிரனுமா அந்த எதிர்ப்பாளர்களில் ஒருவர். ஒகயாமாவில் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அடுத்த வருடம் பதினோரு பேர் 'இனி தனியார்மயத்தை ஆதரிப்போம்' என்று எழுதிக் கொடுத்து வீடு திரும்பினார்கள். இவர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். அஞ்சல்காரன் என்ற முறையில் எனக்கு மனுஷனைப் பிடித்துப்போனது. மற்ற கருத்துகளில் அவருக்கும் எனக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

2010இல் ஐந்து எம்.பி.க்களோடு ஒரு கட்சி கண்டார். பெயர் 'எழுந்து நில், ஜப்பானே'. பெயரைச் சொன்னவர் அப்போது டோக்கியோ ஆளுநராக இருந்த இஷிஹாரா. அந்த ஐவரின் சராசரி வயது எழுபதை நெருங்கியது. எழுந்து நிற்கச் சொன்னதே கொஞ்சம் கஷ்டம். 2012 நவம்பரில் இஷிஹாராவே வந்து சேர, கட்சி 'சூரியக் கட்சி' ஆனது. அதன் ஆயுள் ஒரு வாரம்கூட இல்லை. ஒசாகா மேயர் தோரு ஹஷிமோத்தோவின் ஜப்பான் இஷின் கட்சியோடு கலந்துவிட்டார்கள். அடுத்த மாதத் தேர்தலில் அந்தக் கூட்டுக்கு 54 இடம்.

இங்கேதான் பெரியவர்கள் கணக்குத் தப்பியது. அந்த 54இல் பெரும்பங்கு ஹஷிமோத்தோவின் முகத்துக்கும் ஒசாகா வட்டாரத்துக்கும் விழுந்த ஓட்டு. நாற்பது வயதுக்காரர், டிவியில் வெளுத்து வாங்குகிற வக்கீல். இஷிஹாராவோ 1947இல் அமெரிக்க ஆக்கிரமிப்பில் வந்த அரசியல் சட்டத்தைத் தூக்கிப்போட்டு 'நாமே எழுத வேண்டும்' என்று ஒற்றைக்காலில் நிற்பவர். 2014இல் ஹஷிமோத்தோ இன்னொரு சின்னக் கட்சியோடு சேரப் போனபோது, கூட்டறிக்கையில் 'நாமே எழுதும் அரசியல் சட்டம்' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்றார் இஷிஹாரா. அவர்கள் முடியாது என்றார்கள். பாகம் பிரிந்தது. இவர் பக்கம் வந்தவர்கள் 22 பேர். ஆள் வந்தார்கள், ஓட்டு ஒசாகாவிலேயே தங்கிவிட்டது.

நாலு மாதத்தில் பிரதமர் அபே திடீரென்று தேர்தல் வைத்தார். விற்பனை வரி உயர்வைத் தள்ளிப்போடுவதுதான் அன்றைய பேச்சு. இவர்கள் வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் நலத்தொகையை வெட்டுவோம் என்று கார்ட்டூன் பன்றியை வைத்துப் பிரசாரம் செய்தார்கள். அயலானைக் காட்டிப் பயமுறுத்தி ஓட்டுக் கேட்பது எந்த ஊரில் நடந்தாலும் எனக்குக் குமட்டும். தவிர, அந்த வலதுசாரிப் பேச்சைக் கேட்க விரும்பியவர்களுக்கு அபேயே இருந்தார். அசல் கடை திறந்திருக்கும்போது பக்கத்துப் பெட்டிக்கடைக்கு யார் போவார்கள்? கீழவையில் இருந்த 19 இடம் 2 ஆனது.

கேள்வி: ஓட்டே விழவில்லையா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: விழுந்தது அம்மா. அங்கே தொகுதி வேட்பாளருக்கு ஓர் ஓட்டு, கட்சிப் பட்டியலுக்கு ஓர் ஓட்டு. பட்டியலுக்கு 14 லட்சம் விழுந்தது. ஆனால் பட்டியல் வழியாக ஓர் இடமும் இல்லை. அங்கே நாட்டை 11 வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள். அந்தத் தேர்தலில் டோக்கியோவுக்கு 17 இடம்; அதில் ஒன்றைப் பிடிக்கவே ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்தரை ஓட்டு வேண்டியிருந்தது. இவர்களுக்கு நாடு முழுக்கச் சேர்த்தே மூன்றுகூட இல்லை.

உங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். லோடு நிறைந்தால்தான் மண்டியிலிருந்து லாரி கிளம்பும். பதினொரு மண்டியில் பத்துப் பத்து பெட்டி தக்காளியை வைத்துக்கொண்டு நின்றால் எந்த லாரியும் கிளம்பாது. அதே தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி இவர்களைவிட லட்சம் ஓட்டு குறைவு, 13 லட்சம்தான். கியூஷு வட்டாரத்தில் பெட்டிகளைச் சேர்த்து வைத்திருந்ததால் ஒரு பட்டியல் இடம் கிடைத்தது.

இவர்களுடைய இரண்டு இடமும் நேரடித் தொகுதிகள்: ஹிரனுமாவின் ஒகயாமா, ஹிரோயுகி சோனோதாவின் குமமோத்தோ. கொடி எதுவானாலும் அந்த ஊர்கள் அவர்களுக்குத்தான் போட்டிருக்கும். இஷிஹாரா, தானே கேட்டு டோக்கியோ பட்டியலின் அடியில் பெயரைப் போட்டுக்கொண்டார். தோற்றார், 82 வயதில் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார்.

கேள்வி: எண்பது வயதில் கட்சி தொடங்கியவர் நம் தொரப்பள்ளியிலும் பிறந்தாரே! அதை மறந்துவிட்டீர்களா?
— ஒரு தமிழாசிரியர், கிருஷ்ணகிரி

பதில்: ஐயா, மறப்பேனா? தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீட்டுக்கு என் பேத்தியைக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறேன். 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கும்போது அவருக்கும் எண்பதுதான். அவரும் இஷிஹாராவும் எழுத்தாளர்கள் என்பது இன்னொரு பொருத்தம். ராமாயணத்தை உரைநடையில் எழுதியதற்கு ராஜாஜிக்கு 1958இல் சாகித்ய அகாடமி பரிசு. இஷிஹாரா 23 வயதிலேயே, 1956இல், ஜப்பானின் அகுதாகவா இலக்கியப் பரிசு வாங்கியவர். அந்த நாவலின் தலைப்பிலும் சூரியன் உண்டு.

அதற்கு மேல் ஒப்பிட்டால் ராஜாஜி கோபித்துக்கொள்வார். அவருக்கு இருந்த சண்டை அரசாங்கம் எதற்கெடுத்தாலும் லைசென்ஸ், பெர்மிட் கேட்பதோடு. அணுகுண்டுக்கு எதிராக அமெரிக்கா வரை போய்ப் பேசியவர். இஷிஹாராவின் பழமைவாதம் ராணுவமும் தேசப் பெருமையும். இன்னொன்று, 1967இல் சுதந்திராவுக்கு மக்களவையில் 44 இடம் இருந்தது. 1971இல் 8. அடுத்த வருடம் டிசம்பரில் ராஜாஜி போனார், 1974இல் கட்சி இன்னொன்றில் கரைந்தது. பெரியவரின் செல்வாக்கைக் கிளைகளாக ஊன்றாமல் விட்டதில் மட்டும் இரண்டும் பங்காளிகள் என்பது என் எண்ணம்.

கேள்வி: தோற்ற பிறகாவது பெயரை மாற்றிக்கொண்டார்களா?
— பெயர் வேண்டாம் என்பவர், அரூர்

பதில்: மாற்றாமலா! 2015 டிசம்பரில் 'ஜப்பானின் மனத்தைப் போற்றும் கட்சி'. பிறகு சுருக்கி 'ஜப்பானின் மனம்'. தலைவி கியோகோ நகயாமா 2017இல் வேறு கட்சிக்குப் போனார். அந்த வருடத் தேர்தலில் ஒரு லட்சம் ஓட்டுகூட வரவில்லை. 2018 நவம்பரில் மிச்சம் மீதி லிபரல் டெமாக்ரடிக் கட்சியில் சேர்ந்தது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த அந்த ஹிரனுமா?
— அதே பாலக்கோடு வாசகி

பதில்: கேட்பீர்கள் என்று தெரியும். ஜெயித்த இரண்டு பேருமே, ஹிரனுமாவும் சோனோதாவும், 2015 அக்டோபரில் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள். ஹிரனுமாவுக்கு அது பத்து வருட வனவாசம். அடுத்த மாதம் 4ஆம் தேதி ஜப்பான் அஞ்சல் நிறுவனத்தின் பங்குகள் டோக்கியோ சந்தையில் விற்பனைக்கு வந்தன. அன்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என் ஆர்.டி. பாஸ்புக்கில் வரவு வைக்க தலைமை அஞ்சலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் 'சர்வர் டவுன் சார், நாளைக்கு வாங்க' என்றான்.