ஓசூரில் ஷெட்டும் நிலமும்: இந்த முறை வந்த கேள்விகள்

சூளகிரி பக்கம் 2 ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஷெட் போட்டால் உடனே வாடகைக்கு ஆள் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். போடலாமா?

அந்த எல்லோரில் ஷெட் கட்டித் தருகிற காண்ட்ராக்டரும் ஒருவராக இருப்பார், பாருங்கள். போச்சம்பள்ளியில் ஓலா, கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று வரிசையாக வந்தபின் இடத்துக்குக் கிராக்கி ஏறியிருப்பது உண்மைதான். ஆனால் உங்கள் வாசலுக்கு வரப்போவது அவர்கள் இல்லை, அவர்களுக்கு உதிரிபாகம் செய்து தருகிற சின்ன வெண்டர், இல்லையென்றால் குடோன் தேடுகிறவர். இந்த இரண்டு பேருக்கும் வேண்டியது வேறு வேறு. குடோன்காரருக்கு கூரை உயரமும் நாற்பதடி கண்டெய்னர் திரும்ப இடமும் இருந்தால் போதும், மின்சாரம் விளக்கெரிய இருந்தால் சரி; மெஷின் போடுகிறவரோ முதலில் எவ்வளவு மின் லோடு கிடைக்கும் என்று கேட்பார், அப்புறம் கிரேன் தாங்கும் தூண், அதிராத தரை. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றைக் கட்டி வைத்தால் இருவருமே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆளைப் பிடித்து, லாக்-இன் காலம் (இத்தனை வருடம் காலி செய்யமாட்டேன் என்ற உறுதி) எழுதி வாங்கிக்கொண்டு, அவர் கேட்கிற மாதிரி கட்டுங்கள். விவசாய நிலம் என்றால் நில உபயோக மாற்றமும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியும் அதற்கும் முன்னால்.

ஏர்போர்ட் வருகிறது, இப்போதே வாங்குங்கள் என்கிறார் புரோக்கர்.

2024 ஜூனில் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தது: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடி பயணிகள். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வரக்கூடாது என்ற சிக்கல் இருப்பதை புரோக்கர் சொன்னாரா? நிலையத்துக்கு மிக நெருங்கி வாங்கினால் உங்கள் இடமே நில எடுப்பில் போகலாம், தப்பினாலும் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள்.

சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) ஜாப் ஒர்க் செய்கிறேன், 8 மெஷின். ஓனர் வாடகையை 25 சதவீதம் ஏற்றச் சொல்கிறார். பாகலூர் ரோட்டில் குறைவாகக் கிடைக்கிறது, மாறிவிடட்டுமா?

வாடகையை மட்டும் கணக்குப் போட்டால் மாறத்தான் தோன்றும். மெஷினைப் பெயர்த்து மறுபடி லெவல் பார்க்க எத்தனை நாள் உற்பத்தி போகும்? புதிய இடத்தில் லோடு கிடைக்கும்வரை ஜெனரேட்டரில் ஓட்ட முடியுமா? மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அனுமதி இடத்துக்குத்தான், உங்கள் கூடவே வராது. இதையெல்லாம்விட, வாகன கம்பெனிக்குப் பாகம் கொடுக்கிறவர் இடம் மாறினால் பிபிஏபி (பாகத்துக்குக் கம்பெனியிடம் ஒப்புதல் வாங்கும் ஆவணங்கள்) மறுபடி கொடுக்கவேண்டி வரும், அது முடியும்வரை ஆர்டர் நிற்கலாம். நானாக இருந்தால் ஓனரிடம் உட்கார்ந்து பேசி, ஏற்றத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஐந்து வருடத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று ஒப்பந்தம் போடுவேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்யவேண்டும். 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு வழக்கு என்று அலையவேண்டாம்.

சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை நிறுவனம்) மனை ஒன்று கைமாறி வருகிறது. விலை குறைவு. வாங்கலாமா?

அது கிரயம் இல்லை, 99 வருடக் குத்தகை. உங்களுக்கு வருவது மிச்சமுள்ள வருடங்கள்தான். ஓசூர் சிப்காட் எழுபதுகளில் தொடங்கியது, பழைய மனை என்றால் பாதிக் காலம் போயிருக்கும். சிப்காட் எழுத்து மூலம் சம்மதம் தராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. வேறென்ன பார்க்க?

ஏ-பதிவேடு, அதாவது வருவாய்த்துறையின் கிராம நிலப் பதிவேடு. பஞ்சமி நிலமா (பட்டியல் சாதியினருக்கு அரசு ஒதுக்கிய நிலமா) என்பது அங்கேதான் தெரியும், வில்லங்கத்தில் தெரியாது. பஞ்சமி என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுங்கள்.