பூமி பக்கத்தில் வருவதால் கோடை வருவதில்லை

வணக்கம் சகோதரி. எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் "சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்தான் வெயில் காலம்" என்று சாதிக்கிறாள், ஆறாம் வகுப்புப் பாடத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி படிக்க வைக்கவா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், குழந்தை சலித்துப்போவாள். இந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில், சுமார் 14.7 கோடி கி.மீ. தொலைவில். ஜூலையிலோ 15.2 கோடி. நமக்கு ஜனவரியில் மார்கழிக் குளிர்! இதை மட்டும் சொல்லிவிட்டு அவளை யோசிக்க விடுங்கள். விடையை உடனே எடுத்துக்கொடுக்க வேண்டாம்.

அப்புறம் இருட்டறையில் ஒரு கட்டம் போட்ட தாள் மீது டார்ச்சை நேராக அடியுங்கள். வெளிச்ச வட்டத்துக்குள் எத்தனை கட்டங்கள் என்று அவளே எண்ணட்டும். டார்ச்சை அசைக்காமல் தாளைச் சாய்த்தால் வட்டம் நீளும், கட்டங்கள் கூடும், வெளிச்சம் மங்கும். அதே ஒளி அதிக இடத்தில் பரவுகிறது. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால் நடப்பதும் இதுதான்: சூரியன் பக்கம் சாய்ந்த பாதியில் வெயில் நேராக விழும், அங்கே கோடை; மறுபாதியில் சாய்வாக விழுந்து பரவும், அங்கே குளிர். சென்னைப் பக்கம் என்றால் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகலில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள், வெயில் நேர் மேலிருந்து விழுவதால் நிழல் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

உயிரியலுக்கும் இதே முறை சரிவரும். "மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். மண் என்பாள். பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும்தான். அங்கிருந்து ஒளிச்சேர்க்கைப் பாடத்தைத் திறக்கலாம்.